மெலிண்டா ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

அடுத்த கேள்வி. 'ஸ்பீக்' நாவலைப் படித்துவிட்டு ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "அந்தப் பெண் நடந்ததை அன்றைக்கே யாரிடமாவது சொல்லியிருக்கலாமே? சொல்லாமல் இழுத்தடிப்பது கதைக்காகச் செய்த ஜோடனை போலத் தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா?"

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999-இல் வெளிவந்த அமெரிக்க நாவல் இது. உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையில், ஒரு விருந்தில், ஆண்டி என்ற மூத்த மாணவன் மெலிண்டாவைப் பாலியல் வன்கொடுமை செய்துவிடுகிறான். அவள் போலீசுக்கு போன் செய்கிறாள். பேச வாய் வரவில்லை. போலீஸ் வந்து விருந்து கலைகிறது. காரணம் தெரியாத தோழிகள் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பெயரோடுதான் அவள் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைகிறாள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அவள் சொல்லவே இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன் அம்மா. உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள். மதிப்பெண் சரிகிறது. வகுப்புக்குப் போகாமல், துப்புரவுப் பணியாளர் பயன்படுத்தாமல் விட்ட ஒரு சிறிய அறையில் ஒளிந்துகொள்கிறாள். இதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பட்டும், அதற்கு அவர்கள் வைக்கிற பெயர் 'திமிர்'. பெற்றோரையும் முதல்வரையும் ஆலோசகரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு கூட்டம் நடக்கிறது. பெரியவர்கள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள், பெற்ற தாயே மகள் கவனத்தை ஈர்க்க நாடகமாடுகிறாள் என்கிறார், கடைசியில் தண்டனை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எதற்காக இப்படி ஆனாள் என்று அறிந்துகொள்ளும் பொறுமை அந்த அறையில் யாருக்கும் இல்லை. வேறு சில இடங்களில் உரையாடலை நாடகம் போல அச்சிட்டிருப்பார்கள். 'நான்:' என்று போட்டு எதிரே வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே நமக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, வாயைத் திறந்து சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் நாவலில் பதில் இருக்கிறது. நூலகத்தில் பழைய உயிர்த்தோழி ரேச்சலிடம் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாள். ரேச்சல் முதலில் பதறிப்போகிறாள். யார் என்று கேட்டு, தான் பழகிக்கொண்டிருக்கும் ஆண்டியின் பெயரைப் பார்த்ததும், பொறாமையில் பொய் சொல்கிறாய் என்று சீறிவிட்டுப் போய்விடுகிறாள். முதல் நாளே சொல்லியிருந்தாலும் இதுதான் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓவிய ஆசிரியர் மட்டும் வேறு மாதிரி. துருவித் துருவிக் கேட்பதில்லை. ஆண்டு முழுவதும் வரைய அவளுக்குக் கிடைத்த பொருள் மரம். அது சரியாக வரும்வரை அவர் காத்திருக்கிறார். கடைசியில் அவள் பேச முன்வருவது அவரிடம்தான்.

குறையே இல்லையா என்றால், உண்டு. அந்தச் சிறிய அறையில் ஆண்டியோடு நடக்கும் கடைசி மோதல் சினிமாத்தனமாக இருக்கிறது. அதுவரை அவ்வளவு நிதானமாக வந்த கதைக்கு அது பொருந்தவில்லை. ஆனால் மெலிண்டாவின் குத்தலான நகைச்சுவை அதையும் பொறுத்துக்கொள்ள வைக்கிறது. பள்ளியின் அடையாளச் சின்னத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்களே, அதை அவள் கிண்டல் செய்யும் பக்கங்களில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜோடனை என்கிறீர்களே, ஆசிரியர் தானும் 13 வயதில் இதே கொடுமைக்கு ஆளாகி, பல ஆண்டுகள் வெளியே சொல்லாமல் இருந்தவர். 2019-இல் வந்த 'ஷவுட்' என்ற கவிதை வடிவ நினைவுக் குறிப்பில் அதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

மகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள். படித்து முடித்ததும் 'என்ன புரிந்தது?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பரீட்சை வைத்தால் அடுத்த புத்தகத்தை உங்கள் கண்ணில் காட்ட மாட்டாள். 2018-இல் எமிலி கேரோல் வரைந்த ஓவியங்களோடு சித்திர நாவலாகவும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நீளமாகப் படிக்கத் தயங்குகிற பெண் என்றால் அதிலிருந்து தொடங்கலாம்.