கடைசியாக வருபவரின் வேகம்

வணக்கம் நேயர்களே. நாலைந்து பேராகச் சேர்ந்து, தங்கவும் தின்னவும் வேண்டியதை முதுகில் சுமந்துகொண்டு, மலையில் இரண்டு மூன்று இரவு கழித்துவிட்டு வருவதற்கு எப்படித் திட்டம் போடுவது என்று வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். பல வருஷமாக நான் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிற விஷயம் இது.

வழக்கமாக இந்தப் பேச்சு எங்கே ஆரம்பிக்கும்? எந்த மலை, எந்தப் பை, எந்த ஷூ. நான் அங்கே ஆரம்பிப்பதில்லை. யார் யார் வருகிறார்கள், அவர்களில் மெதுவாக நடப்பவர் யார், இதைத்தான் முதலில் கேட்பேன். அவர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போவாரோ அதுதான் மொத்தக் குழுவும் போகும் தூரம். மற்றவர்கள் எவ்வளவு வேகமாக நடந்தாலும், ராத்திரி எல்லாரும் ஒரே இடத்தில்தானே தங்க வேண்டும்!

ஒரு காட்சியைச் சொல்கிறேன், நண்பர்களோடு மலைக்குப் போன பலரும் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை ஐந்து பேராகப் போயிருந்தோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்கள். ஒரு பாறை கண்டதும் பையை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, எதையோ கொறித்து, நாலு படமும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக வந்த தோழி கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவர் வந்து நின்றாரோ இல்லையோ, முன்னவர்கள் எழுந்து, “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?” என்றார்கள். அவர் பையைக்கூட இறக்கவில்லை. “ம், போகலாம்” என்றார். யார் மனதிலும் கெட்ட எண்ணம் கிடையாது. முன்னால் வந்தவர்களுக்கு வேர்வை காய்ந்து காற்றில் குளிரெடுக்க ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் காலையிலிருந்து இப்படியே நாலைந்து இடத்தில் நடந்தபோது, ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

மதியம் அவர் பாதை ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலில் ஒரு நாணயம் அளவுக்குக் கொப்புளம், அதுவும் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே அந்த இடம் எரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “ஏற்கெனவே என்னாலதான் லேட்டு, இதுக்கும் நிக்கச் சொல்லணுமா?” என்றார். தோல் சிவந்து எரிகிற நேரத்தில் நின்று ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தோடு போயிருக்கும். உடைந்த பிறகு அன்றைய நடையே பாதியில் நின்றது.

மறுநாள் எங்களில் மூத்தவர் இரண்டே மாற்றம் செய்தார். அந்தத் தோழியை முன்னால் நடக்க விட்டார். அவர் பையிலிருந்த கூடாரத்தை எடுத்து முதல் நாள் ஓடிய இருவருக்குப் பிரித்துக் கொடுத்தார். வலி இருந்தும் அன்று நடை சீராகப் போனது, நினைத்த இடத்தை வெளிச்சத்திலேயே அடைந்தோம். மெதுவாக நடப்பவர் முன்னால், அனுபவசாலி ஒருவர் கடைசியில். நின்றால், கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் ஆரம்பம். இதை எங்கே பேசினாலும் இரண்டு தடவை சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்: கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் ஆரம்பம்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று எப்படிக் கணக்குப் போடுவது? இதற்கு 1892-லேயே ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு சுலபமான வழி சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, ஆக நாலு மணி நேரம். ஆனால் இது நல்ல உடல்கட்டு உள்ளவர்கள் நிற்காமல் நடக்கிற கணக்கு. முதுகில் சுமை, மெதுவாக நடக்கும் நண்பர், தண்ணீர் பிடிக்க, படமெடுக்க, சும்மா நின்று பார்க்க என்று எல்லாம் சேர்த்து நான் அதை ஒன்றரை மடங்காக்கிவிடுவேன். நாலு மணி நேரம் ஆறாகும். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியம் 1 மணிக்குச் சேரலாம். மலையில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும் என்பதால் இது வசதி. வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு “பன்னிரண்டு கிலோமீட்டர்தானே” என்று சொல்பவரிடம், ஏற்றம் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

அடுத்தது சுமை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாரும் ஒரு வீட்டில் கூடி, பைகளைத் தரையில் விரித்த போர்வை மேல் கொட்டுங்கள். பார்த்தால் மூன்று அடுப்பு இருக்கும், நாலு பற்பசை இருக்கும், தீப்பெட்டி ஒருவரிடமும் இருக்காது! பொதுச் சாமான்களை ஒன்றாக்கி, பிறகு பங்கு பிரியுங்கள். பங்கு என்றால் சமபங்கு வேண்டாம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமை என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 10 கிலோ, 80 கிலோ உள்ளவருக்கு 16 கிலோ. குளியலறை எடைமெஷின் போதும், பையோடு ஒரு தடவை ஏறி நின்று, பை இல்லாமல் ஒரு தடவை நின்று கழித்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதைச் சேர்க்க மறக்க வேண்டாம். அப்புறம், முதல் நாள் இரவுச் சாப்பாட்டை மெதுவாக நடப்பவர் பையில் வையுங்கள், மறுநாளே அவர் பை இளைத்துவிடும். பகலில் அடிவாரத்தில் வெயில் கொளுத்தினாலும் கம்பளி வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறைந்துகொண்டே போகும். நனைந்த பருத்தித் துணி காயவும் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

அந்தப் போர்வையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதே இன்னொன்றையும் பேசி முடித்துவிடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது? 1996 மே 10 அன்று எவரெஸ்டில், மதியம் 2 மணிக்கு மேல் ஏறாமல் திரும்ப வேண்டும் என்று பேச்சு இருந்தும் பலர் அதைத் தாண்டி ஏறினார்கள். மாலையில் புயல் பிடித்தது, 8 பேர் உயிரிழந்தார்கள். நாம் போவது சின்ன மலைதான். ஆனாலும் உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லும் மனசு எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த இடத்தில் முடிவெடுக்க முடியாது. வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். இருப்பவர்களில் ஒருவர் “எனக்குச் சரியாகப் படவில்லை” என்றால், காரணம் கேட்டு வாதாடாமல் எல்லாரும் திரும்புவது என்பதையும் வீட்டிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். காலையிலேயே எரிந்த குதிகாலைப் பற்றி வாய் திறக்க அந்தத் தோழிக்கு இப்படி ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது.

எத்தனை பேர் என்றால், நாலு பேராவது இருப்பது நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, இரண்டு பேர் உதவி தேடி இறங்கலாம்.

உயரமான மலை என்றால் தனிக் கணக்கு. 2500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல் வரலாம். 3000-க்கு மேல் போனால், படுக்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலி முற்றினால் மருந்தை மட்டும் நம்பி அங்கேயே இருக்க வேண்டாம், கீழே இறங்குங்கள்.

தண்ணீர், விசில், கழிவு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள், அதனால் வேகமாகச் சொல்கிறேன். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வையுங்கள், நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிஷம். அடுப்பைக் கூடாரத்துக்குள் மூட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளுக்கொரு விசில், பைக்குள் வேண்டாம், கழுத்தில். ஆபத்தென்றால் ஒரு நிமிஷத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் ஊதுங்கள். பதில் நிமிஷத்துக்கு மூன்று ஊதலாக வரும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள்.

வீட்டில் ஒருவரிடம் வழி, தங்கும் இடங்கள், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கி சிக்னல் கிடைத்ததும் முதல் அழைப்பு அவருக்கு. நீங்கள் அடிவாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மீட்புக் குழு இருட்டில் உங்களைத் தேடி ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. நேரம் முடிந்தது, நன்றி.