வடக்கன்குளத்தில் நின்ற சுவர்

அருட்தந்தையர்களே, பெரியோர்களே, பங்கு மக்களே, வணக்கம்.

கோயில் எந்த ஆண்டில் எழுந்தது, எந்தெந்தச் சாமியார்கள் இருந்தார்கள் என்று அடுக்கிச் செல்வதையே பங்கின் வரலாறாக நம் விழா மலர்கள் எழுதிவருகின்றன. வடக்கன்குளத்தின் கதையை அப்படிச் சொன்னால், அதன் நடுவே நின்ற ஒரு சுவரை மறைத்தவர்கள் ஆவோம்.

1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்குக் ‘கால்சட்டைக் கோயில்’ என்றொரு பெயர் உண்டு. பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கால்களைப் போலப் பிரிந்து செல்லும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். திருப்பலி நிறைவேற்றும் குரு இரு பக்கத்தாரையும் காணலாம். ஒரே நற்கருணையை உண்ட மக்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே வீடு திரும்பலாம். சாதி வெறும் உலக வழக்கம், அதனால் விசுவாசத்துக்குக் கேடில்லை என்று இயேசு சபைக் குருக்களின் மதுரை மிஷன் நெடுங்காலம் செய்துவந்த சமரசமே இங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றது என்பது என் துணிபு. கட்டியவர்களை மட்டும் குறை சொல்வதும் முறையாகாது. அப்படிக் கட்டித் தரக் கேட்டவர்கள் நம் முன்னோர்களே.

1910-இல் இரு பக்கத்தாரையும் பிரித்து நின்ற அந்தச் சுவர் அகற்றப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, ஆலயத்துக்குள் தங்களுக்கெனத் தனியிடம் கோர அவர்களுக்கு உரிமையில்லை என்ற தீர்ப்போடு முடிந்தது. கோயிலுக்குள் தீர்ந்திருக்க வேண்டிய ஒன்று நீதிமன்றத்தில் தீர்ந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இத்தனையும் நடந்த ஊர் எது என்று எண்ணிப் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த நட்டாலம் நீலகண்டப் பிள்ளை, குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயிடமிருந்து கிறிஸ்துவை அறிந்தார். மன்னரின் சினத்துக்கு அஞ்சி, திருவிதாங்கூரின் எல்லையான ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்பால் இருந்த இந்த வடக்கன்குளத்துக்கே அவர் அனுப்பப்பட்டார். 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்துத் தேவசகாயம் என்று பெயரிட்டார். 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கணவரை இழந்த அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாள் அடைக்கலம் தேடி வந்து இறுதிவரை வாழ்ந்ததும், அடக்கமானதும் இதே மண்ணில்தான். எல்லை கடந்து வந்தவர்களை ஏற்று வளர்ந்த பங்கு இது. அதே பங்குக்குள் பின்னாளில் ஓர் எல்லை எழுப்பப்பட்டது.

2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, பெயரிலிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட்டு, அவர் இங்கே திருமுழுக்கில் பெற்ற தேவசகாயம் என்ற பெயரே வாசிக்கப்பட்டது.