ரிக்கெட்ஸ் கிளென்: 22 அருவிகளோடு ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம்.

நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் இருக்கும் நமக்கு அருவி என்றால் முதலில் நயாகராதான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போகிறோம். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் எடிசனிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம் போனால், ஒரே நடையில் 22 அருவிகளைப் பார்க்கலாம். வடகிழக்குப் பென்சில்வேனியாவின் ரிக்கெட்ஸ் கிளென் மாநிலப் பூங்கா அது. நுழைவுக் கட்டணமும் கிடையாது.

கிச்சன் கிரீக் என்ற ஓடை அங்கே இரண்டு கிளைகளாக மலையிலிருந்து இறங்குகிறது. ஒன்று கனோகா கிளென் என்ற பள்ளத்தாக்கு வழியாக, மற்றொன்று கிளென் லீ பள்ளத்தாக்கு வழியாக. இரண்டும் வாட்டர்ஸ் மீட் என்னும் இடத்தில் சேர்ந்து ஒன்றாக ஓடுகின்றன. பாதை பெரும்பாலும் ஓடையை ஒட்டியே போகிறது. ஒரு அருவியின் சத்தம் அடங்குவதற்குள் அடுத்ததன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் உயரமானது கனோகா அருவி, 94 அடி.

இந்தப் பாதை தானாக அமைந்ததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் ஒரு பீரங்கிப் படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் புரூஸ் ரிக்கெட்ஸ்தான் இந்த நிலத்தின் சொந்தக்காரர். 1889 முதல் 1893 வரை ஆள் வைத்து, பாறையோரமாகப் படிகளும் பாதையும் போட வைத்தார். அவருடைய மற்ற நிலங்களில் மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். அருவிகள் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குகளில் மட்டும் கோடாரி படவில்லை. எனக்கு அருவிகளைவிட இதுதான் பெரிய விஷயம். மரம் விற்றுப் பணம் பார்த்த மனிதர் இதை அப்படியே விட்டுவைத்ததால்தான் அங்கே இன்றும் பல நூறு வயதான ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. விழுந்த மரங்களில், ஆண்டுக்கு ஒன்றாக விழும் வளையங்களை 900 வரை எண்ணியிருக்கிறார்கள். 1930களில் இதைத் தேசியப் பூங்காவாக்கும் திட்டம் இருந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அது கைவிடப்பட்டு, மாநில அரசு நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது.

சரி, எப்படி நடப்பது? முழுச் சுற்று 7.2 மைல். அவ்வளவு முடியாதென்றால் மேலே லேக் ரோஸ் பக்கம் காரை நிறுத்திவிட்டு, ஏறத்தாழ மூன்று மைல் சுற்றில் பெரும்பாலான அருவிகளைப் பார்த்துவிடலாம். கிளென் லீ வழியாக இறங்கி, கனோகா வழியாக ஏறுங்கள். ஏறும்போதுதான் அருவி நம் முகத்துக்கு நேரே நிற்கும். இறங்கும்போது அடிக்கடி நின்று திரும்பிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பாதியைத் தவறவிடுவோம்.

கற்படிகள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். செருப்போடு போகாதீர்கள், பிடிப்புள்ள ஷூ வேண்டும். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். குற்றாலத்தில் போல அருவியில் நின்று குளிக்கவும் முடியாது. குளிக்க ஆசையென்றால் அதே பூங்காவில் லேக் ஜீன் ஏரி இருக்கிறது. பனி கரையும் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் அதிகம். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும், கூட்டமும் சேரும், காலையிலேயே போய்விடுங்கள். குளிர்காலத்தில் படிகள் முழுக்கப் பனிக்கட்டி. அதற்கான கருவிகள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

ஹெம்லாக் கிளைகளைப் பார்த்தால் ஊசியிலைகளின் அடியில் வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ஒரு சின்னப் பூச்சியின் வேலை அது. சாற்றை உறிஞ்சிச் சில ஆண்டுகளிலேயே மரத்தைக் கொன்றுவிடும். அந்த நிழல் போனால் ஓடை சூடாகும், அதில் வாழும் டிரவுட் மீன்களுக்கும் கஷ்டம். இத்தனை நூற்றாண்டு நின்ற மரம் இப்படிச் சாவதை நினைக்கவே மனம் ஆறவில்லை. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

அப்புறம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களையும் விட்டுவிட வேண்டாம். 118ஆம் சாலையோரம் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே ஆடம்ஸ் அருவி இருக்கிறது, கொஞ்ச தூரம்தான் நடக்க வேண்டும். அங்கிருந்தே எவர்கிரீன் டிரெயில் என்று ஒரு மைல் பாதை அந்தப் பழைய மரங்களுக்கு நடுவே போகிறது.