வாய் திறந்த நண்பர்கள்

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே,

"உலகத்தில் இத்தனை இரத்தம் சிந்தப்படுகிறதே, உங்கள் தேவன் எங்கே?" என்று கேட்பவருக்கு ஒரு கிறிஸ்தவன் என்ன சொல்ல வேண்டும் என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். கச்சிதமான பதிலை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறுவீர்கள். நம்மிடம் பதிலுக்கா பஞ்சம்? தேவைக்கு மேலே இருக்கிறது, அதுதான் என் கவலை.

வேதாகமத்தில் யோபின் புத்தகத்தை எடுங்கள். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான் யோபு. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் வருகிறார்கள். அவனைப் பார்த்துச் சத்தமிட்டு அழுகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்காருகிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் அருமையான நண்பர்கள். வாய் திறந்தார்கள், வந்தது வினை. 'நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தக் கதி' என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கம் சொன்னார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது யார்மேல்? தம்மையே கேள்வி கேட்ட யோபின்மேலா? இல்லை. தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூவர்மேல்!

இயேசுவிடமும் இப்படி ஒரு செய்தி வந்தது. பலி செலுத்தப்போன கலிலேயரை ரோம ஆளுநர் பிலாத்து வெட்டிப்போட்டான் என்றார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததையும் அதோடு சேர்த்துக்கொண்டார். 'மனந்திரும்புங்கள்' என்றது உயிரோடு நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. ஆனாலும் பாருங்கள், எங்காவது பூமி அதிர்ந்தால் மறு ஞாயிறே அந்த ஊர்க்காரர் பாவத்தைப் பட்டியல் போட நம்மில் ஆள் இருக்கிறது. அதே நாம் 88ஆம் சங்கீதத்தை ஆராதனையில் வாசிப்பதே அபூர்வம். அது இருளிலேயே முடிகிறது. 'அல்லேலூயா' என்று முடிக்க வழியில்லை.

அப்படியானால் கிறிஸ்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதானா? யார் முன்னால் என்பதைப் பொறுத்தது. அழுகிறவன் முன்னால் பேசாமல் இருப்பது மரியாதை. அடிக்கிறவன் முன்னாலும் பேசாமல் இருந்தால் அது உடந்தை.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவை நினைத்துப் பாருங்கள். 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய 100 நாள்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக இருந்த நாடு அது. கொலைக்குக் குறிவைக்கப்பட்டது டூட்சி என்ற சிறுபான்மை இனம். நியமாட்டா என்ற ஊரின் ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்த டூட்சி மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே மாண்டார்கள். பிற்பாடு அது நினைவிடமானபோது, செத்தவர்களின் உடுப்புகளை ஆலயத்துப் பெஞ்சுகளின் மேலேயே குவித்து வைத்தார்கள். நிறம் மங்கிய, மண்ணேறிய துணிகள். வெட்டியவர்களில் எத்தனையோ பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். குருமார் சிலர் சர்வதேச தீர்ப்பாயத்தில் தண்டனையே பெற்றார்கள். உயிரைப் பணயம் வைத்து அண்டை வீட்டாரை ஒளித்து வைத்த விசுவாசிகளும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் காட்டி நாம் தப்பிக்கக் கூடாது. 2017இல் போப் பிரான்சிஸ் திருச்சபையின் பாவத்துக்காகத் தேவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

இன்னொரு பக்கம், இராணுவம் தன் சொந்த ஜனங்களையே ஒடுக்கிய மத்திய அமெரிக்க நாடு எல் சால்வடோர். 1977இல் ஆஸ்கர் ரொமேரோ அதன் தலைநகர் சான் சால்வடோரின் பேராயர் ஆனார். புத்தகப் புழு, வம்புக்குப் போகாதவர் என்று மேல்தட்டுக்காரர்களுக்கு நிம்மதி. சில வாரத்தில் அவருடைய நண்பர் ருத்திலியோ கிராண்டே என்ற குருவானவரை, கூட வந்த ஒரு முதியவரோடும் ஒரு பையனோடும் சுட்டுக் கொன்றார்கள். அதன்பிறகு ரொமேரோ என்ன செய்தார்? ஞாயிறு பிரசங்கத்தில், அந்த வாரம் யார் கொல்லப்பட்டார்கள், யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பெயரும் இடமும் சொன்னார். வானொலி அதை நாடெங்கும் கொண்டுபோனது. மகன் எங்கே என்று தெரியாமல் தவித்த தாய், பேராயர் வாயிலிருந்து அவன் பெயரைக் கேட்டாள். 1980 மார்ச் 23 அன்று, சொந்த ஜனங்களைக் கொல்லச் சொல்லும் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று சிப்பாய்களையே நேராகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

மன்னிப்பைப் பற்றி ஒன்று மட்டும். மன்னிக்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது, சரி. ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் அன்று சாயங்காலமே "மன்னித்துவிடு அம்மா" என்று சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது. அவளுடைய மன்னிப்பைக் காட்டி, கொன்றவனை நீதிமன்றத்துக்கு வராமல் காப்பாற்றவும் கிடையாது.

கடைசியாக, இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை. கள்ளர் அடித்துப் போட்ட வழிப்போக்கனுக்கு உதவியவன் அவன். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டியதோடு நாம் கதையை நிறுத்திவிடுகிறோம். அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம், அதாவது இரண்டு நாள் கூலி, கொடுத்தான். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். எவ்வளவு ஆகும் என்று தெரியாமலே ஒப்புக்கொண்டான்! நிவாரண லாரிகள் போனபிறகுதான் பெரிய செலவு ஆரம்பிக்கிறது: காலை இழந்தவனுக்குச் செயற்கைக் கால், தகப்பனை இழந்த பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வருஷக்கணக்கில் இழுக்கும் வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவளுக்குத் துணை. நம் சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கிறதா என்று, வெளியே போகும்போது பொருளாளரைப் பிடித்துக் கேளுங்கள். அவர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.