கரும்பிலிருந்து செய்த பிளாஸ்டிக் மண்ணில் மக்குமா?

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கரும்பிலிருந்து தயாரித்தது என்று அச்சிட்டிருந்த பிளாஸ்டிக் பையைத் தோட்டத்தில் புதைத்தேன். பல மாதங்களுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?"

பையில் அச்சிட்டிருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்பதும், அது மக்குமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு மூலப்பொருள் விடை சொல்லும். இரண்டாவதற்கு மூலக்கூறின் அமைப்புதான் விடை சொல்லும்.

பிரேசில் நாட்டின் திரியூன்ஃபோவில் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலைக் கொண்டு, பைகள் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைத் தயாரித்து வருகிறது. கரும்பின் சர்க்கரையை நொதிக்க வைத்து எடுத்த எத்தனாலை ஆவியாக்கி, சூடான அலுமினா வினையூக்கியின் மீது செலுத்தும்போது, ஒவ்வொரு எத்தனால் மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து எத்திலீனாகிறது. 46 கிராம் எத்தனால் முழுவதும் மாறினால் 18 கிராம் தண்ணீராகப் பிரிந்து, 28 கிராம் எத்திலீன் கிடைக்கும். அந்த எத்திலீனைச் சங்கிலியாகக் கோத்தால் வருவது, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாஃப்தா என்ற திரவத்திலிருந்து கிடைக்கும் அதே பாலிஎத்திலீன். கார்பனோடு கார்பன் பிணைந்த அந்த நீண்ட சங்கிலியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எளிதில் வெட்ட முடியாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. காற்றிலுள்ள கார்பனை அண்மையில் உறிஞ்சிய கரும்பில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சிறிதளவு இருக்கும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள் என்பதால், கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த எண்ணெயில் அது முற்றிலும் தேய்ந்துபோயிருக்கும். ஆய்வகங்கள் இதை அளந்தே தாவரப் பங்கு எவ்வளவு என்று சொல்கின்றன.

அப்படியானால் கரும்புப் பையால் என்ன பயன்? அதை எரித்தாலும், கரும்பு காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் திரும்பிச் செல்கிறது. இதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்; ஆனால் உரம், டீசல், சாகுபடி நிலம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தே பேச வேண்டும்.

பலரும் மக்கும் என்று நம்பும் பி.எல்.ஏ., அதாவது பாலிலாக்டிக் அமிலம், வேறு வகை. மக்காச்சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்து, தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலத்தை எடுத்து, அதைச் சங்கிலியாக்குகிறார்கள். இதில் சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் எஸ்டர் பிணைப்புகளை நீரால் வெட்ட முடியும். ஆனால் ஏறத்தாழ 55 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சங்கிலிகள் விறைத்திருப்பதால் அது மிக மெதுவாகவே நடக்கும். சுமார் 58 டிகிரி வெப்பத்தையும் ஈரத்தையும் விடாமல் காக்கும் தொழிற்கூட உரக்கிடங்கில் சில மாதங்களில் மக்கும் பி.எல்.ஏ. குவளை, உங்கள் தோட்டத்து மண்ணிலும் கடலிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். "மக்கும்" என்று மட்டும் அச்சிட்டு, எந்த நிலையில் மக்கும் என்பதைச் சொல்லாமல் விற்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

இதற்கு மறுபுறமும் உண்டு. பி.பி.ஏ.டி. என்ற பாலியெஸ்டர் பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்தே வருகிறது. ஆயினும் நுண்ணுயிர்கள் அதை உண்கின்றன.

ஆகவே, அந்தப் பையைத் தோண்டி எடுத்துக் கழுவி, மற்ற பாலிஎத்திலீன் பைகளோடு மறுசுழற்சிக்குக் கொடுங்கள். மூலக்கூறு ஒன்றே என்பதால் சேர்த்தே உருக்கலாம். பி.எல்.ஏ. குவளைகளை மட்டும் பெட் பாட்டில்களோடு கலந்துவிடாதீர்கள். சிறிதளவு கலந்தாலும் உருக்கிய பெட்டின் தரம் கெட்டுவிடும்.