வாராக்கடன் முளைத்தது எப்போது?

வணக்கம் நண்பர்களே. 2015 மார்ச்சில் இந்திய வங்கிகள் கொடுத்திருந்த கடனில் வாராக்கடன் 4 சதவீதத்தைச் சுற்றி இருந்தது. 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மூன்றே வருடத்தில் இவ்வளவும் கெட்டுப்போனதா? கிடையாது. பெரும்பகுதி முன்பே கெட்டுத்தான் கிடந்தது, கணக்கில் ஏறவில்லை.

2006 முதல் 2008 வரை பொருளாதாரம் நல்ல ஓட்டத்தில் இருந்தது. மின் நிலையம், எஃகு ஆலை, சாலை என்று யார் வந்தாலும் வங்கிகள் போட்டி போட்டுக் கொடுத்தன. திட்டம் தேறுமா என்று தாமே அலசாமல், கூட்டாகக் கடன் கொடுக்கும்போது முன்னணி வங்கி சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. அப்புறம் உலக நெருக்கடி, நிலம் எடுப்பதில் இழுபறி. 2014இல் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. மின் நிலையம் பாதியில் நிற்கும், வட்டி நிற்குமா?

கூத்து இங்கேதான். தவணையோ வட்டியோ 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன். காலாண்டு முடியப்போகிறது, நிறுவனத்திடம் காசில்லை. உண்மையை எழுதினால் நஷ்டத்துக்குப் பணம் ஒதுக்கவேண்டும், லாபம் அடிபடும், மேலிடம் கேள்வி கேட்கும். சரி, அதே நிறுவனத்துக்கு இன்னொரு கடன்! சில சமயம் அதன் துணை நிறுவனத்தின் பேரில். அந்தப் பணம் கணக்கில் இறங்கிய கையோடு பழைய வட்டியாகத் திரும்பி வருகிறது. ஏட்டில் எல்லாம் சுத்தம், கடன் மட்டும் கொழுத்துவிட்டது. இதைத்தான் எவர்கிரீனிங் என்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

2015இல், ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது, வங்கிகளின் கடன்கள் உண்மையில் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க, ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்று அந்தச் சோற்றைக் கிளறியது. அவர்தான் வாராக்கடனை உண்டாக்கினார் என்று இன்னமும் பேசுகிறார்கள். எண்ணிப் பார்த்தவர் மேலேயே பழியா?

கடன் கட்டமுடியாத நிறுவனத்தை வேறொருவருக்கு விற்று வங்கிகள் பணத்தை மீட்க வழி செய்யும் திவால் சட்டம் 2016இல் வந்தது. பூஷண் ஸ்டீலில் வங்கிகளுக்கு வரவேண்டியது சுமார் 56,000 கோடி ரூபாய். 2018இல் டாடா ஸ்டீல் அதை வாங்கியபோது கையில் கிடைத்தது சுமார் 35,000 கோடி, கூடவே கொஞ்சம் பங்குகள். இதையே வெற்றி என்று கொண்டாடினோம். மற்றவற்றின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாராக்கடன் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. வசூல் ஒரு காரணம். இனி வராது என்று ஏட்டிலிருந்து தள்ளி எழுதிய கடன்கள் இன்னொன்று. உங்கள் வங்கியின் ஆண்டறிக்கை வந்தால் வாராக்கடன் சதவீதத்தோடு நிறுத்தாமல், அந்த வருடம் எவ்வளவு தள்ளி எழுதினார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள்.