தாஷ்கண்டிலிருந்து துஷான்பே எவ்வளவு தூரம்?

நேயர்களுக்கு வணக்கம். பழைய விமான கால அட்டவணைகளைச் சேர்த்துவைத்து மேய்வது என் பழக்கம். வீட்டில் இதற்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல, அது கிடக்கட்டும். ஒரு ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரைச் சொல்லாதீர்கள், போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு உங்களிடம்.

உஸ்பெகிஸ்தானின் தலைநகர் தாஷ்கண்ட், தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பே. நேர்க்கோட்டில் சுமார் 305 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரம், அவ்வளவுதான். ஜெட் வேகத்துக்கு இருபத்தைந்து நிமிடம்கூட ஆகக்கூடாது. ஆனால் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போக வேண்டும், மேலே ஏற வேண்டும், ஏறி முடித்ததும் இறங்க ஆரம்பிக்க வேண்டும். துஷான்பேக்கு வடக்கே ஹிஸ்ஸார் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. அதைத் தாண்டியதும் தடாலென்று இறங்கிவிட முடியுமா? இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான், முள்ளைத் திருப்பவும் வேண்டாம்.

இதெல்லாம் விமானம் இருந்தால். 1992இல் தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் மூண்டது, நேரடி விமானம் நின்றது. போர் 1997இல் முடிந்தது. விமானம் வரவில்லை. இரண்டு அரசுகளுக்கும் ஆகவில்லை, எல்லையில் உஸ்பெக் தரப்பு கண்ணிவெடிகூடப் புதைத்தது.

அந்தக் காலத்தில் ஒருவர் எப்படிப் போவார்? துஷான்பேயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் வடக்கே குஜந்த். அங்கிருந்து டாக்சியில் ஓய்பெக் எல்லை. எல்லையில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடை. கையிலிருக்கும் பணத்தையெல்லாம் எண்ணி, சுங்கப் படிவத்தில் இரண்டு பிரதி எழுத வேண்டும். அந்தப் பக்கம் போய் இன்னொரு டாக்சி பிடித்தால் தாஷ்கண்ட். குஜந்துக்குச் சாலையில் போனால் 3,372 மீட்டர் உயர அன்சோப் கணவாய், குளிர்காலத்தில் பனி மூடிவிடும். 2006இல் கணவாய்க்கு அடியில் ஐந்து கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்தார்கள், வேலை முடியாமலே. உள்ளே காற்றோட்டம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, பள்ளங்களில் தண்ணீர், எதிரே லாரி. மரணச் சுரங்கம் என்றே பெயர் விழுந்துவிட்டது. பல வருடம் கழித்துத்தான் ஒழுங்காக்கினார்கள். இது வேண்டாம் என்றால் மாஸ்கோ போய் விமானம் மாறலாம், ஒரு பக்கம் மட்டும் 2,700 கிலோமீட்டருக்கு மேல். 305 கிலோமீட்டர் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா?

2016இல் உஸ்பெக் அதிபர் கரிமோவ் இறந்தார். அடுத்து வந்த மிர்சியோயேவ் பக்கத்து நாடுகளோடு பேச்சைத் தொடங்கினார். 2017 ஏப்ரலில் விமானம் மறுபடி பறந்தது, இருபத்தைந்து வருடம் கழித்து. மறு வருடம் விசாவும் போனது. மலையோ ஊரோ ஒரு அடி நகரவில்லை, பாருங்கள்.

ரயில் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: 2022இல் இரண்டு ஊருக்கும் நடுவே பயணிகள் ரயில் விட்டார்கள். அது மலையைத் தென்மேற்கே சுற்றிக்கொண்டு போகிறது. பக்கத்து நாடுகளான கஜகஸ்தானின் அல்மாட்டி, கிர்கிஸ்தானின் பிஷ்கெக் கதையும் இருக்கிறது, அதற்கு நேரமில்லை. வணக்கம்.